ஸுவைலிமின் கயிறு

1936 செப்டம்பர் 21, முஹர்ரக் கடல். முத்துக்குளிப்பின் கடைசி நாளான இன்று ஃபைரூஸ் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டான். கயிற்றைப் பிடித்திருக்க வேண்டிய கையால் தாளம் தட்டிவிட்டான்.

கடைசி முழுக்கு முடியும் முன்பே பாட்டுக்காரர் ஸங்கூர், ஊர் திரும்பும் பாட்டை எடுத்துவிட்டார். படகே குதித்தது. எல்லோரும் அடிவயிற்றிலிருந்து பதில் முழங்கினார்கள். ஃபைரூஸும் தன்னை மறந்து இரண்டு கைகளையும் தட்டினான். கடலுக்கடியில் இருந்த தங்கை புருஷன் ஸுவைலிமின் கயிறு நழுவியது. ஃபைரூஸ் பதறிப் பாய்ந்து பிடித்தான்.

அதற்குள் படகின் மறுபக்கம் ஸுவைலிம் ஏறி வந்தான்.

"என்ன மச்சான், தங்கச்சிய விதவையாக்கப் பாத்தியா? முடிச்சு அவுந்துருச்சு, நானே நீந்தி வந்துட்டேன்!"

ஃபைரூஸ் அவனைக் கட்டிப்பிடித்துக் குதித்தான்.

அப்போது கையிலிருந்த கயிறு இழுபட்டது. 'மேலே தூக்கு' என்று ஸுவைலிம் எப்போதும் காட்டும் அதே இழுப்பு.

"பாறையில சிக்கியிருக்கும்டா," என்றார் படகுத் தலைவரான நகுதா. ஆனாலும் ஆட்களை எண்ணிப் பார்த்தார். எல்லோரும் மேலேதான் இருந்தார்கள்.

ஸங்கூர் பாட்டை நிறுத்தினார், கயிறும் நின்றது. மறுபடி பாடினார், கயிறு தாளத்துக்கு இழுபட்டது. எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. இருட்டிவிட்டதால் அதைப் பாய்மரத்தில் கட்டினார்கள்.

நாளை நங்கூரம் எடுக்கும் முன், பாடிக்கொண்டே அந்தக் கயிற்றை மேலே இழுக்க வேண்டும். அவனுடைய கயிறு என்பதால் முதல் பிடி ஸுவைலிமுடையது.