அவளுக்குத் தெரியாத நம்பர்

“சிக்னல் ஆகக் கூட இழுக்கிற கொம்பனி எது எண்டு நான் கேக்கல்ல தம்பி. இவர்ர பழைய நம்பர ஒழிக்கிற கொம்பனி எது எண்டுதான் கேக்கன்.”

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருந்த ஜவுபருக்குச் சிரிப்பு வந்தது. ஊர் மாறி வருகிற எத்தனையோ பேருக்கு அவன் சிம் விற்றிருக்கிறான். வீட்டுக்குள் சிக்னல் எடுக்குமா, இரவில் கதைக்கக் காசு குறைவா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

“எந்தக் கொம்பனிக்கு மாறினாலும் நம்பர் மாறும் ராத்தா. ஆனா நீங்க வாடகைக்கு எடுத்திருக்கிற ஊடு கடக்கரைப் பக்கம். இப்ப உங்கட்ட இருக்கிற கொம்பனிதான் அங்க நல்லா இழுக்கும். மத்ததெல்லாம் மதில்ல ஏறி நிண்டு கதைக்கணும்.”

“ஏறி நிண்டு கதைக்கட்டும். ஆரோட கதைக்கார் எண்டு முழு ரோட்டுக்கும் விளங்கும்,” என்றாள் றாஹிலா.

றாஹிலாவின் கணவன் றிபாஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த போன் உறைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர்களுடைய ஆறு வயது மகள் நுஸ்ஹா அதே கண்ணாடியில் மூக்கை அழுத்தி, மூச்சால் வட்டம் வட்டமாகப் புகை போட்டுக்கொண்டிருந்தாள்.

“காக்கா, ராத்தாக்குச் சாடையாச் சந்தேகம் போல,” என்றான் ஜவுபர் றிபாஸிடம்.

“சந்தேகமா?” றாஹிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “சந்தேகம் எண்டா வாயப் பொத்திக்கிட்டு இருந்திருப்பன். எனக்கு நல்லாத் தெரியும். நோன்போட தொடங்கினது. அவள் கோல் எடுத்தா இவர் போனத் தூக்கிட்டுக் கிணத்தடிக்குப் போவார். திரும்பி வரக்குள்ள கண் ரெண்டும் செவந்திருக்கும். கேட்டா தூசி விழுந்ததாம். கிணத்தடியில என்ன தூசி?”

“போதும் றாஹிலா. கடையில வெச்சு என்னத்துக்கு இதெல்லாம்?”

“ஏன், வெக்கமா? பஸ் ஸ்டாண்டுல நிண்டு அவளோட கதைக்கக்குள்ள அந்த வெக்கம் எங்க போனது?” அவள் ஜவுபர் பக்கம் திரும்பினாள். “ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்ட புள்ளைக்குச் சட்டை குடுத்து அனுப்பியிருக்காள் தம்பி! புள்ளையப் புடிச்சா ஊட்டுக்குள்ள நுழையலாம் எண்டு நினைக்காள். நான் உடுக்க உடுவனா?”

“வடிவான சட்டை,” என்றாள் நுஸ்ஹா, கண்ணாடியிலிருந்து மூக்கை எடுக்காமலே. “மணியெல்லாம் வெச்சது.”

றாஹிலாவின் முகம் கறுத்தது. “பாத்திங்களா? இப்பவே அவளுக்குச் சாட்சி சொல்லுது.”

ஜவுபர் ஒரு சமாதானம் சொல்ல நினைத்தான். “காக்கா, நீங்களாவது அந்த மனிசிக்கிட்ட எடுக்க வேணாம் எண்டு சொல்லலாமே?”

“எப்பிடிச் சொல்ற தம்பி? அவளுக்கு வேற ஆருமில்ல,” றிபாஸ் தாழ்ந்த குரலில் சொன்னான். “ஒருக்கா ஊட்டுக்கு வரட்டா எண்டுதான் கேக்காள். வேற ஒண்டும் கேக்கல்ல.”

“இண்டைக்கு வரட்டா எண்டு கேப்பாள். நாளைக்குப் பங்கு கேப்பாள். அதுக்குப் பிறகு முழுசாக் கேப்பாள். எனக்குப் பங்கு போட ஏலாது!” றாஹிலாவின் குரல் உடைந்தது. “பொத்துவில்ல உம்மாவும் வாப்பாவும் கட்டித் தந்த சீதன ஊட்டப் பூட்டிப் போட்டு வந்திருக்கன் தம்பி. தன்ட ஊட்ட உட்டுட்டு வாடகை ஊட்டுக்குப் போன பொம்புளைய இந்தப் பக்கத்துல கண்டிருக்கிங்களா? முன்ன சண்டை நேரமெண்டா வழி நெடுகச் செக்பொயின்ட் இருந்திச்சி. இப்ப ரோட்டெல்லாம் திறந்திட்டாங்க. ஆரும் எங்கயும் வரலாம்.”

ஜவுபர் அதற்கு மேல் சிரிக்கவில்லை. ஒரு சிம்மை எடுத்து வைத்தான்.

“பழைய சிம்முல இருக்கிற நம்பரையெல்லாம் இதுக்கு மாத்தித் தரவா?”

“தேவையில்ல. மத்தாக்கள்ர நம்பரக் கேட்டுக் கேட்டுப் போடலாம்.”

றிபாஸ் போனைக் கொடுக்கக் கை நீட்டினான். அந்த நேரம் பார்த்து அது அடித்தது. திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அந்த மாமியா வாப்பா?” என்று துள்ளினாள் நுஸ்ஹா.

றாஹிலா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எடுங்க. எடுத்து, நான் வேணுமா அவள் வேணுமா எண்டு இப்பவே சொல்லுங்க.”

றிபாஸ் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. இரண்டாம் தடவை ஓய்ந்ததும் அவன் மூடியைக் கழற்றி, பற்றரியை எடுத்து, சிம்மை மனைவியின் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதை இரண்டாக மடித்து ஒடித்து, கடைக்கு முன்னால் ஓடிய சாக்கடைக் கானுக்குள் எறிந்தாள்.

ஓட்டோ கடற்கரை வீதிக்குத் திரும்புவதற்குள் நுஸ்ஹா மடியிலேயே தூங்கிப்போனாள். றாஹிலா அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“இனி அவளால எடுக்க ஏலாதுதானே?”

“எடுத்துக்கிட்டுத்தான் இருப்பாள். இங்க அடிக்காது, அவ்வளவுதான்.”

“இப்பவும் உங்களுக்கு அவள்ளதான் இரக்கம்.”

றிபாஸ் தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

“சுனாமியண்டு இவளப் பள்ளிவாசல்ல இருந்து தூக்கிட்டு வரக்குள்ள, ‘பெத்த தாய் எப்பயாவது தேடி வந்தா இதுக்கு எடுக்கச் சொல்லுங்க’ எண்டு அந்த நம்பரக் குடுத்தது நீதானே றாஹிலா?”