மாறுவேடத்தில் ஒரு மாத்திரை

மருந்து அறையின் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு நுழைந்த தகப்பனாரின் மீசை, ஒரு பக்கம் மேலேறியும் மறுபக்கம் தொங்கியும் இருந்தது. கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதற்குள் ஒரே ஒரு மாத்திரை.

உண்மையில் அது சாக்பீஸ். அதை வட்டமாக உரசி எடுக்க அவருக்கு ஒரு பாடவேளை முழுவதும் பிடித்திருந்தது. மீசை, பள்ளி நாடகப் பெட்டியிலிருந்து வந்தது. தகப்பனார் என்பதும் வேடம்தான். அவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர்.

வேடத்துக்குக் காரணம் இருந்தது. முன்பிருந்த நர்ஸ் இளகிய மனசுக்காரர். யாரோ ஒரு தாத்தா வந்து கெஞ்சினார் என்று, டாக்டர் சீட்டு இல்லாமலே பேரனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டார். பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, பள்ளியே இரண்டுபட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் மருந்து அறையை இழுத்து மூடிவிடுவோம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது.

அதன்பிறகு தலைமையாசிரியர் ஊண் உறக்கம் மறந்து எழுதியவைதான் மருந்து விதிகள். நேற்று வேலைக்குச் சேர்ந்த புது நர்ஸ் அவற்றைக் காப்பாற்றுவாரா, காற்றில் விடுவாரா என்று மாலைக்குள் நிர்வாகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் அந்த நர்ஸைக் காலைக் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

கதைகளில் அரசர்கள் மாறுவேடம் பூண்டு நகர்வலம் போவதுண்டு. ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டுப் போன அரசரைப் பற்றி எந்தக் கதையும் சொல்லவில்லை. நம் தலைமையாசிரியர் அதைச் செய்திருந்தார். கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குப் பயம்.

வரும் வழியில், நடைபாதைத் திருப்பத்தில் ஒரு பெண் கையில் ஏதோ தாளோடு அவர்மீது மோதாத குறையாக வந்து நின்று, பெரிய சாரை எங்காவது பார்த்தீர்களா என்று மூச்சிரைக்கக் கேட்டார். தலைமையாசிரியர் குரலைத் தடிக்க வைத்து, பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்பினார். வேடம் பலித்துவிட்டது என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது.

இப்போது மேசைக்கு அருகே வெள்ளையாக ஓர் உருவம் உட்கார்ந்திருப்பது அவருக்கு மங்கலாகத் தெரிந்தது. பொட்டலத்தை நீட்டினார்.

"ஏம்மா, எம்பையன் நாலாம் வகுப்பு. காலையிலேர்ந்து தலைவலின்னான். இந்த மாத்திரைய மட்டும் குடுத்துரும்மா, எனக்கு அவசர வேலை இருக்கு."

"டாக்டர் சீட்டு இருக்காண்ணே?"

இல்லை என்றார். இருந்தால் மட்டும் போதாது என்று பதில் வந்தது. மருந்து, கடையில் கொடுத்த உறையோடு இருக்க வேண்டும். உறைமேல் பிள்ளையின் பெயரும் வகுப்பும் வேண்டும். பெற்றோர் தம் கைப்பட எழுதிய கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் பெரிய சார் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அத்தனையும் சரியாக இருந்தால்தான் பிள்ளையைக் கூப்பிட்டு, கண்ணெதிரே விழுங்கவைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்ப்பார்களாம்.

தலைமையாசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் எழுதிய அதே வரிசை. ஒரு வார்த்தை முன்பின் ஆகவில்லை. ஆனாலும் சோதனை என்றால் முழுதாகச் செய்ய வேண்டுமே. கெஞ்சினார், குழைந்தார். மேலிடத்தில் ஆள் இருக்கிறது என்று மிரட்டினார். கடைசியில் விம்மவும் முயன்றார். மீசை வாய்க்குள் போனதால் அது இருமலாக முடிந்தது.

"நிஜமா அழுதவங்களுக்கே இங்க ஒண்ணும் நடக்கலண்ணே. வீணா நிக்காம போயி சீட்டு வாங்கிட்டு வாங்க."

அந்த நேரம் எதிர் வகுப்பறையிலிருந்து, இவரது இருமலுக்குப் பதில் சொல்வதுபோல் ஒரு சின்ன இருமல் கேட்டது. உருவம் வெடுக்கென்று வாசல் பக்கம் திரும்பி, மடியிலிருந்த கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டது. ஊரான் பிள்ளைமேல் எவ்வளவு கரிசனம் என்று தலைமையாசிரியர் உருகிப்போனார்.

இதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. மீசையைப் பிடுங்கினார். பசை நன்றாக ஒட்டியிருந்த பக்கம் உயிர் போகிறாற்போல் வலித்தது; கண்ணில் நீர் முட்ட, தாம் யார் என்பதைச் சொன்னார். உருவம் பதறி எழுந்து நின்றது.

"உக்காரும்மா, உக்காரு. உன்ன மாதிரி ஒரு நர்ஸ் இருக்கிற வரைக்கும் இந்த அறைய எவனும் மூட முடியாது. இப்பவே போய் நிர்வாகத்துகிட்ட சொல்லப் போறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நேத்துதான் சேந்தே; இத்தனை விதியையும் வரிசை மாறாம எப்படிம்மா மனப்பாடம் பண்ணினே?"

உருவம் கைப்பையைத் திறந்து, டாக்டர் சீட்டு சுற்றிய ஒரு மருந்துப் புட்டியை, கடை உறையோடு மேசைமேல் வைத்தது.

"தினம் ஒரு விதியாச் சொல்லித்தானே சார் உங்க ஆபீஸ்ல என்னைத் திருப்பி அனுப்பினாங்க, நான் அந்த இருமுற பையனோட அம்மா; நர்ஸம்மா என் கடிதத்துல கையெழுத்து வாங்க உங்களைத்தான் தேடிப் போயிருக்காங்க."