பொரி போடும் கை

"படித்தவர்களும் ஆற்றில் துணியை விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குச் சான்று எங்கே?"

தேர்வுக் குழுவின் தலைவர் பேராசிரியர் அனந்தநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வினவினார்.

எதிரே வேணி அமர்ந்திருந்தாள். அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். பல்லுயிர் ஆய்வுக்காக மாணவர் ஒருவருக்கு மட்டும் வழங்கப்படும் உதவித்தொகை அது. தலைவருடைய மகள் ஆஸ்பத்திரியில் இருந்த காரணத்தால் ஒரு மாதம் தள்ளிப்போன நேர்காணல், இன்றுதான் திருநெல்வேலியில் நடந்தது.

கிடைத்தால் ஆய்வு. கிடைக்காவிட்டால் திசையன்விளையில் ஒரு பள்ளிக்கூட வேலை காத்திருந்தது. மீன்களை அத்துடன் மறந்துவிட வேண்டியதுதான்.

அவள் ஆராய விரும்பியவை பாவநாசத்துப் படித்துறை மீன்கள். கோயில் மீன்கள் என்பதால் அவற்றை யாரும் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் பொரி வாங்கிப் போடுவார்கள். பிறகு பரிகாரம் என்று முழுகி எழுந்து, உடுத்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் துணி பாறை இடுக்குகளில் சுற்றிக்கொள்ள, அதில் மீன்கள் சிக்கிச் செத்தன.

"பொரி போடுத கைதான் சார் துணியையும் போடுது," என்றாள் வேணி.

குழுவின் மற்றோர் உறுப்பினரான ஞானசிகாமணி சிரித்துவிட்டார். "எங்க ஊர்ப்பக்கம்னா இந்த மீனு எப்பவோ குழம்புல கொதிச்சிருக்கும். ஆனாலும் சார், மூணு பேருல இந்தப் பிள்ளை திட்டந்தான் உசத்தி. அந்த ஒரு வரிதான் உறுத்துது."

"வரியை மாற்றிவிடட்டும். 'படிப்பறிவற்ற மக்களின் மூடப்பழக்கம்' என்று இருக்கட்டும்," என்றார் தலைவர். மூடநம்பிக்கையைச் சாடி மேடைதோறும் முழங்குகிறவர் அவர்.

"அப்படி எழுத முடியாது சார்."

"ஏன்?"

"படிச்சவங்களும் விடுதாங்க. நானே பாத்தேன்."

"யாரைப் பார்த்தாய்? பெயரைச் சொல்."

வேணி தலையைக் குனிந்துகொண்டாள். "பேர் சொல்லப்படாது சார்."

"காட்டுக்குள்ள புலியைப் பாத்தேம்பான். எங்கனன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டான். அந்தக் கதையால்லா இருக்கு," என்றார் ஞானசிகாமணி.

"யாரு என்ன வேதனையில வந்து விட்டுட்டுப் போறாங்களோ சார். நான் மீனை எண்ணத்தான் ஆத்துல இறங்கினேன். ஆளை எண்ண இறங்கலை."

"இரக்கம் வேறு, ஆராய்ச்சி வேறு. சான்றில்லாத வரியை இக்குழு ஏற்காது. மாற்றுகிறாயா, இல்லையா?"

"மாத்தினா அது பொய்யாயிரும் சார்."

"நீ போகலாம்."

வராந்தாவில் லில்லி காத்திருந்தாள். அவளும் அதே உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, சற்று முன்புதான் நேர்காணலை முடித்துக்கொண்டு வந்தவள். நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பேரைச் சொல்லித் தொலைச்சா என்ன? அவரு என்ன உனக்கு மாமனா மச்சானா?"

"சொன்னா அவரு தலைகுனியணும்லா."

"இப்பம் நீதான குனிஞ்சிட்டு நிக்க? எனக்குக் கெடச்சாலும் உன் மீனு என்னைச் சும்மா விடாது, பாத்துக்க."

வேணிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லில்லி பஸ் நேரம் விசாரித்துவரப் போனாள்.

முடிவு எழுதுவதற்குமுன் காபித் தம்ளருடன் வெளியே வந்த தலைவர், தூணருகே தனியாக நின்ற வேணியைக் கண்டார். கடந்து செல்ல எண்ணியவர், ஏனோ நின்றார்.

"இங்கே குழு இல்லை. நான் மட்டும்தான். உண்மையிலேயே யாரையாவது பார்த்தாயா?"

"பாத்தேன் சார்."

"அவர் உன்னைப் பார்த்தாரா?"

"இல்ல சார். துணியை விட்டுட்டு நேரா படியேறிப் போயிட்டாங்க. பரிகாரம் பண்ணினவங்க திரும்பிப் பாக்கக் கூடாதுல்லா. நான் அவங்களுக்குப் பின்னாலதான், பாறைகிட்ட கழுத்தளவு தண்ணியில நின்னு துணியை இழுத்துக்கிட்டு இருந்தேன். அவங்க வேட்டியிலயும் ஒரு மீன் சிக்கிச்சு. பைய எடுத்து விட்டேன். பிழைச்சுக்கிட்டு."

அனந்தநாராயணன் கையிலிருந்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

வேணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்க மகளுக்கு இப்பம் தேவலையா சார்?"

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் முகத்தில் குத்தலும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. மெய்யாகவே விசாரித்த முகம் அது.

"தேவலை, அம்மா," என்றார். காபியைக் குடிக்காமலே உள்ளே திரும்பிச் சென்றார்.

ஞானசிகாமணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "லில்லி பேரை எழுதிரட்டுமா சார்?"

"இல்லை, வேணி. அந்த வரியும் அப்படியே இருக்கட்டும். சான்று கிடைத்துவிட்டது."

"அதுக்குள்ளயா? வெளியில போனதும் சொல்லிட்டாளாக்கும்?"

"இப்போதும் அவள் பெயரைச் சொல்லவில்லை."

"பின்ன எப்படி சார் சான்றுன்னு எழுத? ஆத்துல துணியை விட்ட அந்தப் படிச்ச ஆளு பேரு வேணும்லா?"

"எழுதிக்கொள்ளும்," என்றார் தலைவர். "அனந்தநாராயணன்."