குலுக்கலில் விழுந்த சிறுநீரகம்

ஆய்வகத்தில் வளர்த்த சிறுநீரகம் ஐம்பது வாங்கினால் ஒன்று இலவசம் என்றது சப்ளை கம்பெனி. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் இப்படி வரும் பரிசுகள் நேரே முதலாளியான டாக்டர் வீட்டுக்குத்தான் போகும். ஸ்டோர் பார்க்கும் தேன்மொழிதான் மல்லுக்கு நின்று, ஆயுத பூஜையன்று ஊழியர்களுக்குள் குலுக்கல் என்று மாற்றியிருந்தாள்.

இந்த வருஷம் சீட்டு விழுந்தது துப்புரவு வேலை பார்க்கும் பேச்சியம்மாவுக்கு.

"பொறந்ததுலேர்ந்து எனக்கு எதுவும் விழுந்ததில்ல பாப்பா. இத வித்தா ஒழுகாத வீடு ஒண்ணு பாத்துக்குவேன்."

தேன்மொழியின் தம்பி அங்கேதான் டயாலிசிஸுக்கு வருகிறான். இனி உடம்பு தாங்காது, வேறு சிறுநீரகம் வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விலைக்கு வாங்க அவளுக்கு வசதியில்லை.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். "குலுக்கல் வேண்டாம், பரிசெல்லாம் பழையபடி முதலாளிக்கேன்னு நீயே எழுதிக் குடும்மா. இந்தக் கிட்னி இன்னைக்கே உன் தம்பிக்கு."

"பேச்சிக்காவுக்கு?"

"ஒரு சேலை எடுத்துக் குடுத்தாப் போச்சு."

அவர் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனாலும் எழுதிக் கொடுத்தாள்.

வெளியே பேச்சியம்மா பொரியும் வெல்லமும் அள்ளி நீட்டினாள். "மொத கை உனக்குத்தான் பாப்பா. நீ சண்ட போடலேன்னா எனக்கு இது கெடச்சிருக்குமா?"

தேன்மொழி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.