பின்னோக்கி எண்ணுதல்

உளவியல் மாணவி ஜெசிந்தா, தன் பரிசோதனைக்கு ஓர் ஆள் குறைகிறது என்று விடுதித் தோழி அமலியை இழுத்துவந்து உட்காரவைத்தாள். திரையில் பத்துச் சொற்கள் வந்து மறையும். உடனே நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

“எதுக்குடி இந்தக் கணக்கு?”

“மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கக் கூடாதுல்ல? சொல்லிப் பார்க்கலன்னா எல்லாம் அழிஞ்சிடும். அதைத்தான் சோதிக்கிறேன். ஏன் முழிக்கிற, கணக்குன்னா இப்பவும் காய்ச்சல் வருதா?”

அமலி சிரிக்க முயன்றாள். புயலில் போன தம்பி கடைசியாகப் படகிலிருந்து போனில் பேசியது அவளிடம்தான். ‘அக்கா, காத்து மாறிருச்சு. அம்மாகிட்ட சொல்லாத.’ அந்தக் குரல் தேய்ந்துவிடக் கூடாதென்று அன்றிலிருந்து அதை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போதும் பிறரோடு பேசும்போதும்கூட அது நின்றதில்லை.

“ஆரம்பி.”

சொற்கள் வந்து போயின. அமலி எண்ணினாள். தடுமாறியதால் முழுக் கவனத்தையும் எண்களிலேயே வைத்தாள். எழுபத்து மூன்றில் ஜெசிந்தா கைகாட்டி நிறுத்தினாள்.

“போதும். இப்ப ஞாபகம் இருக்கிறதைச் சொல்லு.”

அமலி கண்களை மூடித் தம்பியைத் தேடினாள். அவன் குரல் காற்றின் இரைச்சலோடு அப்படியே இருந்தது. ஆனால் ‘அக்கா’ என்று தொடங்கவில்லை. எழுபது என்றது. பிறகு, அறுபத்தேழு.