நூறு வரைக்கும்

"தப்பு மாமா. முதல்லேருந்து சொல்லுங்க."

பிளெண்டரை நிறுத்திவிட்டு ரூபினி சொன்னாள். காளிதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐன்ஸ், ஸ்வை, ட்ரை என்று ஆரம்பித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுபத்தாறு வரைக்கும் வந்திருந்தார். மறுபடியும் ஒன்றுக்கே திரும்ப வேண்டும்.

"எங்க தப்பு?"

"அந்த அறுபதுகிட்டதான். நாக்கு சுத்துது உங்களுக்கு."

மிளகாய் அரைபடுகிற சத்தத்திலும் பிடித்துவிட்டாளே என்று காளிதாஸுக்கு மச்சினி மேல் மரியாதைதான் வந்தது. அவருக்கு யார் மேலும் சுலபமாக மரியாதை வந்துவிடும்.

ரெங்கத்து எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர் அவர். மனைவி ஷாமளா பக்கத்து டவுன் குளுவாங்கில் நர்ஸாக இருந்து, ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருஷமாகிறது. போனதும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றவள், பிறகு ஒரு நிபந்தனை சொன்னாள். விசா ஆபீசில் ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் ஜெர்மனில் எண்ணச் சொல்வார்களாம். ஓர் எண் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். தங்கச்சி ரூபினி கேட்டுவிட்டுச் சரி என்று சொன்னால்தான் பேப்பர் அனுப்புவேன் என்றாள்.

ரூபினி, அக்காவோடு ஜொகூர் பாருவில் ஜெர்மன் வகுப்புக்குப் போய்ப் பாதியில் நின்றவள். ரெங்கத்தில் வேறு யாருக்கு ஜெர்மன் தெரியும்? காளிதாஸ் வேலை முடிந்ததும் குளித்துவிட்டு நேராக மாமனார் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடுவார். அவள் சமைப்பாள், இவர் எண்ணுவார். ஐம்பதைத் தாண்டினால் போதும், எங்கேயாவது ஓர் இடத்தில் தப்பு என்று இறக்கிவிட்டுவிடுவாள்.

லோரியில் விழும் குலைகளைக்கூட ஜெர்மனில் எண்ணிப் பார்த்தார். கணக்கு உதைத்து, வேலையை மேய்க்கிற மண்டோரிடம் திட்டு வாங்கினார். "என்னா காளி, பொண்டாட்டி வர மந்திரமா?" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "வர இல்லடா, போக" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் பெஞ்சு மேல் நின்ற மனிதர், நாற்பது வயதுக்கு மேல் இப்படி மாரடித்ததைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும்.

"இன்னிக்கு எப்படியாச்சும் முடிச்சிரணும் ரூபி. மண்டோர்கிட்ட சொல்லிட்டேன், இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு."

கரண்டியோடு ரூபினி திரும்பினாள். "அதுக்குள்ள ஏன் சொன்னீங்க?"

"லோரிக்கு வேற ஆள் பாக்கணும்ல. எஸ்டேட் வீட்டையும் காலி பண்ணித் தரணும். நேத்து லோரியில தனியா சொல்லிப் பாத்தேன், தடங்கலே வரல லா." பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து எதிரே போட்டார். "அந்த வேலைய விட்டுட்டு இப்படி உக்காரு. என் வாயப் பாத்து கேளு."

கையை நெடுநேரம் துடைத்துவிட்டு அவள் வந்து உட்கார்ந்தாள். காளிதாஸ் சாமி சன்னதியில் நிற்கிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். இருபது போனது. முப்பது, நாற்பது போனது. நாக்கு சுத்துகிற அந்த அறுபதுகளை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எண்பதில் நெற்றி வியர்த்தது, துடைக்கவில்லை. துடைத்தால் மறந்துவிடுமோ என்று பயம்.

"ஹுண்டர்ட்."

கண்ணைத் திறந்தார். "எங்கயாச்சும் தப்பா?"

ரூபினி அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. எல்லாம் சரிதான்."

காளிதாஸ் துள்ளிக் குதிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதார், அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க. "எந்த வாத்தியாரும் என்ன ஒரு நாளும் சரின்னு சொன்னதில்ல ரூபி" என்றார். "அக்காவுக்கு நீயே போன் போடு. நான் சொன்னா வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனைப்பா. நீ சொன்னா நம்புவா."

முகம் கழுவ வெளிக்குழாய்க்குப் போனார். அங்கேயும் ஒன்றிலிருந்து எண்ணுகிற சத்தம் கேட்டது.

ரூபினி போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். திரையில் ஷாமளா வந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போல, நர்ஸ் சட்டையில் இருந்தாள்.

"என்னாடி?"

"அக்கா, மாமா நூறு வரைக்கும் சொல்லிட்டாரு. ஒரு தப்பு கூட இல்ல."

ஷாமளா முடியில் இருந்த கிளிப்பைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். கூந்தலை வாரிச் சுருட்டினாள்.

"வேலைய விடறேன்னு மண்டோர்கிட்டயும் சொல்லிட்டாருக்கா. வெளிய நிக்கிறாரு. நீ என்ன சொல்றேன்னு கேட்டுச் சொல்லணும் நான்."

ஷாமளா கிளிப்பை மாட்டி, சரியாக இருக்கிறதா என்று திரையிலேயே முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப ஆயிரம் வரைக்கும் கேக்கறாங்கன்னு சொல்லிடு."