அசோக் நகர் டிசைன்

அசோக் நகரில் மூளையின் விலை பன்னிரண்டாயிரம். கல்லூரி மாணவர்களுக்கு ரெடிமேட் புராஜெக்ட் என்று கடை போட்டு விற்கிறார்கள். அப்படி வாங்கிய மளிகைக்கடை மென்பொருளோடு ஏற்கெனவே மூன்று மாணவர்கள் மாட்டியிருந்தார்கள். நான்காவதாக அதே டிசைனோடு வந்து நின்றாள் அன்புக்கரசி.

“நீயும் வாங்கினியாம்மா? டிகிரி போயிடும்” என்றார் பேராசிரியர் சுப்பராமன்.

“வாங்கல சார்.”

“அப்ப இதுல கடன் விற்பனையைச் சேரு, பார்ப்போம்.”

பழையதில் ஒரு வரியைக்கூடத் தொடாமல், புதிதாக ஒரு கிளாஸை, தனி நிரல் பகுதியை, மட்டும் எழுதி இணைத்தாள்.

“டிசைன் பண்ணவங்களாலதான் இது முடியும்” என்று அவர் நூற்றுக்கு நூறு போட்டார். “அந்தப் புராஜெக்ட் கடைக்கு இது எப்படிம்மா போச்சு?”

“கடையே எங்க நைனாதுதான் சார். விக்காதேன்னேன். ‘எம் பொண்ணு செஞ்சது, சோக்கா கீது’ன்னு பெருமையா எடுத்துக் குடுத்துட்டாரு.”

மாலையில் நைனா மூவர் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். மகள் வாங்கிய நூறுக்காகத் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்த செலவையும் அதே நஷ்டக் கணக்கில் எழுதினார்.